சொம்புக்குள் போன சிக்னல்

போன சனிக்கிழமை காலை. காபி டம்ளரை வாய்க்குக் கொண்டு போகிறேன், போன் அடிக்கிறது. சென்னையிலிருந்து பிரபு.

பிரபு யார் என்று சொல்லிவிடுகிறேன். வசந்தா அக்காவின் ஒரே பையன். வசந்தா அக்கா எனக்குப் பெரியம்மா மகள். கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான் குறை. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சின்ன கிராமம். அங்கே வீடு, கிணறு, கொஞ்சம் நஞ்சை. அக்கா வீட்டுக்காரர் தவறிய பிறகு, தனி ஆளாக நின்று விவசாயம் பார்க்கிறாள்.

“மாமா... கெணத்து மோட்டாரு போன் எடுக்க மாட்டேங்குது. ஒரு எட்டு போய் பாத்துட்டு வர்றீங்களா?”

சிரித்துவிடாதீர்கள். மோட்டாரும் போன் எடுக்கிற காலம் இது! மொபைல் ஸ்டார்ட்டர் என்று ஒரு பெட்டி. அதற்குள் ஒரு சிம் கார்டு. வீட்டில் உட்கார்ந்தபடி அந்த நம்பருக்குப் போன் போட்டால் ஒரு பெண் குரல் பேசும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். ஓட ஆரம்பித்ததும் ‘மோட்டார் ஓடுகிறது’ என்று அக்காவுக்கும் பிரபுவுக்கும் மெசேஜ் வந்துவிடும்.

அக்காவுக்கு முழங்கால் தகராறு. கிணறோ வீட்டிலிருந்து தள்ளி இருக்கிறது, வரப்பு வரப்பாக நடக்க வேண்டும். போன வருஷம் ஈர வரப்பில் சறுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அன்றிலிருந்து பிரபு பிடித்துக்கொண்டான் — நிலத்தைக் குத்தகைக்கு விடு, சென்னைக்கு வா. அக்கா முடியவே முடியாது என்றாள். கடைசியில் ஒரு சமாதானம். அவன் இந்தப் பெட்டியை வாங்கி மாட்டிக் கொடுப்பான். பெட்டி வேலை செய்கிற வரை அக்கா விவசாயம் பார்க்கலாம்.

அந்தப் பெட்டிதான் இப்போது பேச மாட்டேன் என்கிறது.

“சரி பண்ண முடியலேன்னா குத்தகைதான் மாமா. கீழ்பென்னாத்தூர்ல ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே, வந்து பேசி முடிச்சிடுறேன்.”

“என்னா ஏதுனு உங்க அம்மாவையே கேக்க வேண்டியதுதானேடா?”

அவன் மெதுவாக, “ஆயுத பூஜை அன்னிக்கு எங்களுக்குள்ள பெரிய சண்ட மாமா. குத்தகைப் பேச்ச விடுற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாத, பண்ணாலும் எடுக்க மாட்டேன்னுட்டாங்க. மறுநாள் பண்ணேன், கட் பண்ணாங்க. அப்புறம் நானும் பண்ணல” என்றான்.

ஆக, அம்மாவும் போன் எடுக்கவில்லை. மோட்டாரும் போன் எடுக்கவில்லை. நல்ல குடும்பம்!

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். எந்தச் சாமான் கெட்டுப்போனாலும் அதைப் பிரித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. “பிரிக்கிறதெல்லாம் சரி... திரும்ப மாட்டிட்டு வாங்க” என்று வழியனுப்பினாள் என் மனைவி. ஸ்குரூ டிரைவர் சகிதம் ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டேன்.

திருவண்ணாமலையை விட்டு அவலூர்பேட்டை ரோடு பக்கம் திரும்புவதற்குள் எத்தனை டவர்! எத்தனை வருஷமாக இந்த வழியில் போய் வருகிறேன்... ஒரு நாளாவது அவற்றை நிமிர்ந்து பார்த்திருக்கிறேனா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கோபுரத்தைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஊர் இது. ராத்திரி பகல் பாராமல் நம் பேச்சைச் சுமக்கிற இந்த இரும்புக் கோபுரத்தை ஒருவரும் சீண்டுவதில்லை.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒன்றை நிதானமாகப் பார்த்தேன். டவர் என்பது வெறும் ஏணிதான், விஷயம் அதன் உச்சியில் இருக்கிறது. நீளநீளமாக, வெள்ளையாக, கதவு போலத் தொங்குகின்றனவே... அவைதான் ஆன்டெனா. பொதுவாக மூன்று திசையைப் பார்த்து நிற்கும். ஊரை மூன்று துண்டாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு துண்டைக் கவனித்துக்கொள்கின்றன. வட்டமாக மேளம் மாதிரி இருப்பது வேறு ஜாதி. அது நம்மோடு பேசாது, தூரத்தில் இருக்கும் இன்னொரு டவரோடு மட்டும் பேசும்.

அது சரி, ஆன்டெனா என்னதான் செய்கிறது?

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரு உலோகக் கம்பியில் மின்சாரத்தை முன்னும் பின்னுமாக வெகு வேகமாக ஆட்டினால், அந்த ஆட்டம் கம்பியோடு நிற்பதில்லை. அலையாகக் கிளம்பிக் காற்றில் போகிறது. காற்று இல்லாத இடத்திலும் போகிறது. ஒளியும் இதே ஜாதி அலைதான். இது கண்ணுக்குத் தெரியாத ஒளி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த அலை எங்கோ இருக்கிற இன்னொரு கம்பியின் மீது படுகிறது. பட்டதும் அந்தக் கம்பிக்குள் மின்சாரம் அதே தாளத்தில் ஆட ஆரம்பிக்கிறது. துளியூண்டு ஆட்டம்தான். போனுக்குள் இருக்கிற சில்லு அந்தத் துளியைப் பிடித்துப் பெரிதாக்கி, நம் காதுக்குக் குரலாகக் கொடுத்துவிடுகிறது.

இதில் என்னை அசத்துவது எது தெரியுமா? அனுப்புவதும் அதே கம்பி, வாங்குவதும் அதே கம்பி. வாயும் அதுதான், காதும் அதுதான். பேசிக்கொண்டே கேட்கவும் தெரிந்த உயிர் ஒன்றை நம் வீடுகளில் காட்டுங்கள் பார்க்கலாம்!

அளவுதான் அடுத்த ஆச்சரியம். அலைக்கு நீளம் உண்டு. அந்த நீளத்தில் பாதியோ காலோ கம்பி இருந்தால் ஆட்டம் நன்றாகப் பிடிக்கும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் சுலபமாக உயரப் போகிறதல்லவா, அதுபோல. பழைய ரேடியோ நிலையத்தின் அலை நூறு மீட்டர் கணக்கில் நீளம், அதனால் அங்கே டவர் முழுவதுமே ஆன்டெனா. மொபைல் அலை ஒன்று ஒரு அடிக்குச் சற்று அதிகம் என்றால், அதில் கால் பங்கு ஒரு விரல் நீளம். அலை இன்னும் குட்டியாக ஆக, ஆன்டெனாவும் குட்டியாகிறது. உங்கள் கையில் இருக்கிற போனுக்குள் அப்படி ஒன்றல்ல, பல ஒளிந்திருக்கின்றன. பேச ஒன்று, வைஃபைக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று, வழி காட்டும் செயற்கைக்கோளின் குரலைக் கேட்க ஒன்று. உங்கள் கை ஒன்றை மறைத்துவிட்டால் போன் சத்தமில்லாமல் அடுத்ததற்கு மாறிக்கொள்ளும். நமக்கு ஒரு வார்த்தை சொல்லிக் காட்டுவதுகூட இல்லை.

இதையெல்லாம் அசைபோட்டபடி அக்கா வீட்டுக்குப் போனால்... பூட்டு. பக்கத்து வீட்டில் கேட்டேன். “வயலுக்குப் போயிருக்காங்க” என்றார்கள்.

வரப்பில் இறங்கி நடந்தேன். தூரத்தில் அக்கா. ஒரு கையில் மூங்கில் கழி, இன்னொரு கையால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலை ஒரு மாதிரி இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

“அக்கா! இந்தக் காலை வெச்சுக்கிட்டு எங்க போற?”

திரும்பினாள். முகம் ஒரு கணம் மலர்ந்தது. மறு கணம் சுருங்கியது.

“அவன் அனுப்பிச்சானா? வேவு பாக்க வந்தியா குமாரு?”

“வேவும் இல்ல ஒண்ணும் இல்ல. மோட்டாரு போன் எடுக்கலையாமே?”

“எப்புடி எடுக்கும்? அவன்தான் நிறுத்திட்டானே!”

“யாரு நிறுத்தினா?”

“உன் மருமவன்தான். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் பண்றவன் அவன்தானே? ஆயுத பூஜை அன்னிக்கு சண்ட. மறுநாளே பொட்டி செத்துப்போச்சு. ஒண்ணும் புரியாதவளா நான்? தண்ணி கட்ட முடியாம தவிச்சா தானா வழிக்கு வருவானு கணக்குப் போட்டிருக்கான். நான் மாட்டேன். நாத்து நட்டு பச்ச புடிக்கிற நேரம்டா இது. மழ வர்றேன் வர்றேன்னு போக்குக் காட்டுதே தவிர எறங்க மாட்டேங்குது. தவழ்ந்தாவது போய் மோட்டார போடுவேன். அவன்கிட்ட கெஞ்ச மாட்டேன்.”

கோபத்தைவிட வருத்தம்தான் ஜாஸ்தி. பெற்ற பிள்ளை இப்படிச் செய்துவிட்டானே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறாள். அதை நாலு பேரிடம் சொல்லவும் முடியாது இல்லையா? கழியை ஊன்றிக்கொண்டு தினமும் போய் வந்திருக்கிறாள்.

“பிரபு அப்படிச் செய்யறவன் இல்லக்கா” என்றேன்.

“நீ மாமன். அப்படித்தான் பேசுவ.”

அவளுடைய போனை வாங்கி மோட்டார் நம்பருக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு அம்மணி சொன்னார். “இவளும் ஒரு வாரமா இதையேதான் சொல்றா” என்றாள் அக்கா.

எனக்கு ஒரு பொறி தட்டியது. ரீசார்ஜ் தீர்ந்திருந்தால் வேறு மாதிரி அல்லவா சொல்வார்கள்? தொடர்பு எல்லைக்கு வெளியே என்றால், டவர் கூப்பிடுகிறது, பெட்டிக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம். ஆனால் கிணறு நேற்று இருந்த இடத்தில்தானே இன்றும் இருக்கிறது?

மோட்டார் ரூமுக்குப் போனோம். கரண்ட் இருந்தது, மூன்று பேஸ் விளக்கும் எரிந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் காய்ந்து கிடந்தன. ஒரு சின்ன பச்சை விளக்கு மட்டும் படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது. டவர் கிடைத்துவிட்டால் அது நிதானமாகச் சிமிட்டும். இப்படிப் பதறினால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு வாரமாக அந்தப் பெட்டி, கூப்பிடுகிற குரலைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறது, பாவம்.

“ஆன்டெனா எங்க?”

“வெளிய. தகரத்து மேல.”

வெளியே வந்து பார்த்தேன். சுவரை ஒட்டி ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல் ஒரு இரும்புத் தகடு. பெட்டியிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்று அங்கே போகிறது. ஒயரின் முனையில் விரல் நீள ஆன்டெனா, அடியில் காந்தத்தோடு, தகட்டின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அங்கே ஆன்டெனா தெரியவில்லை. ஒரு எவர்சில்வர் சொம்பு கவிழ்ந்திருந்தது. பளபளவென்று தேய்த்த சொம்பு. மூன்று விரலால் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்து, காற்றில் விழாதபடி கம்பியால் வேறு இறுக்கிக் கட்டியிருந்தது.

“இது என்னாக்கா?”

“ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் தொடச்சுப் பொட்டு வெச்சேன். இது மட்டும் வெயில்லயும் மழையிலயும், காக்கா எச்சத்தோட நின்னுச்சு. அம்மாம்பெரிய மோட்டார ஓட்டறது இது. மொட்டையா நிக்கலாமா? அதான் கவசம் சாத்துனேன்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா முறைத்தாள்.

“எதுக்குடா இளிக்கிற?”

“அக்கா, உன் புள்ள நிறுத்தல. நீதான் நிறுத்தியிருக்க. டவர்ல இருந்து வர்ற அலை உலோகத்தைத் தாண்டி உள்ள போகாது. கீழ இரும்புத் தகடு, மேல சொம்பு. ஆன்டெனா உள்ள மாட்டிக்கிட்டு முழிக்குது.”

“யாருகிட்ட கத விடற? அண்ணாமலையாருக்குக் கவசம் சாத்துறாங்க. அவருக்கு நம்ம வேண்டுதல் கேக்காமயா போவுது?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? திருவண்ணாமலைக்காரன் வாயை அடைக்க இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது.

“அவரு வேற, இது வேறக்கா” என்று முனகினேன்.

“சரி, கீழ இரும்பு இருக்குதே, அத ஏன் அந்தக் கம்பெனிக்காரன் வெச்சான்? அடியில இருந்தா நல்லது, தலையில இருந்தா கெட்டதா?”

நியாயமான கேள்வி! உண்மையும் அதுதான். இந்த ஜாதி ஆன்டெனாவுக்கு அடியில் ஒரு உலோகத் தகடு இருந்தால் கொண்டாட்டம். கால் அளவு கம்பிதான் நிற்கிறது. மீதியைத் தகடு ஈடுகட்டி, கண்ணாடி பிம்பம் போல அதை முழுசாக்கிவிடுகிறது. அதே உலோகம் தலைக்கு மேல் வந்தால் கதையே வேறு. வருகிற அலையைச் சொம்பு வெளியிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. போதாததற்கு, பக்கத்தில் உலோகம் ஒட்டி நின்றால் ஆன்டெனாவின் தாளமும் குலைந்துவிடும். இதையெல்லாம் கை, கால் ஆட்டி விளக்கினேன். அக்கா அசையவில்லை.

“அவன் கட் பண்ணிட்டான். அதான் நெசம். நீ அவன காப்பாத்தறதுக்கு சொம்பு மேல பழி போடற. பூஜ பண்ணி வெச்சத கழட்ட மாட்டேன்.”

இப்போதுதான் எனக்கு உறைத்தது. சொம்புக்காக அவள் வாதாடவில்லை. சொம்புதான் காரணம் என்று ஒப்புக்கொண்டால், ஒரு வாரமாக மகனை மனசுக்குள் திட்டித் தீர்த்ததெல்லாம் வீண் பழி என்று ஆகிவிடுமே! அதை எப்படிச் சட்டென்று ஏற்றுக்கொள்வாள்?

“நிரூபிச்சுக் காட்டவா?” என்றேன்.

“காட்டு.”

வீட்டுக்கு வந்தோம். மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று கேட்டு வாங்கினேன். என் போனை உள்ளே வைத்தேன், மூடினேன். ஒரு மேஜிக் நிபுணரின் கம்பீரத்தோடு, “இப்ப உன் போன்ல இருந்து எனக்குப் போடு. கிடைக்காது பாரு” என்றேன்.

போட்டாள்.

தூக்குக்குள்ளிருந்து என் போன் கணீரென்று பாடியது.

அக்கா சிரித்தாள் பாருங்கள்... கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. “சயன்டிஸ்ட்டு! வந்துட்டான்யா சயன்டிஸ்ட்டு!” எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் ஒரு லாபம் — அக்கா சிரித்து வெகு நாளாகிவிட்டது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள மாடிக்கு ஏறினேன். மாடியிலிருந்து பார்த்தால் ரோட்டோர டவர் நேராகத் தெரிகிறது. போனில் சிக்னல் கோடு முழுசாக இருந்தது. ஓகோ! இங்கே டவர் காதுக்குள் வந்து கத்துகிறது. தூக்கின் மூடி என்ன, காற்று புகாத மூடியா? விளிம்பில் இடுக்கு இருக்கிறது. அதன் வழியாகக் கசிகிற கொஞ்சம் அலையே போனுக்குப் போதும். ஆன்டெனா அவ்வளவு நுணுக்கமான காது. தோற்றது என் பரிசோதனைதான், அப்படிப்பட்ட காதிடம் தோற்றதில் எனக்கு ஒரு பெருமைகூட வந்துவிட்டது.

கிணற்றடி அப்படியில்லை. பள்ளம். நடுவில் மேடு, அதன் மேல் தென்னந்தோப்பு. இறங்கி வந்து அக்காவிடம் கேட்டேன்.

“அக்கா, இங்க இருந்து நம்ம மலை தெரியுதா?”

“தெரியாம? கார்த்திகைக்கு தீபத்த இங்க நின்னுதானே கும்புடறோம்.”

“கெணத்தாண்ட இருந்து?”

“அங்க எங்க தெரியும்? மேடு மறைக்குதே.”

“சிக்னலும் அப்படித்தான். இங்க ஜாஸ்தி, அங்க கம்மி. கம்மியா வர்றதையும் சொம்பு தடுத்துடுச்சுனா?”

தூக்கை அக்காவே எடுத்துக்கொண்டாள்.

திரும்பவும் வரப்பு. அவளைக் கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டிப்போனேன். கிணற்றடியில் என் போனில் ஒரே ஒரு கோடுதான் மினுக்கியது. தூக்கில் வைத்து மூடினேன். அக்கா போட்டாள். அவள் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். ஒரு நொடி... இரண்டு நொடி... தொடர்பு எல்லைக்கு வெளியே என்றார் அந்த அம்மணி.

மூடியைத் திறந்தேன். மறுபடி போட்டாள். மணி அடித்தது.

அக்கா கவிழ்ந்த சொம்பைப் பார்த்தாள். பிறகு அதைக் கட்டியிருந்த கம்பியை முறுக்கவிழ்த்தாள்.

“அப்ப... அவன் நிறுத்தலையா குமாரு?”

“இல்லக்கா.”

“நான் பாட்டுக்கு என் புள்ளைய என்னென்னமோ நெனச்சுட்டேனே...” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் ஆன்டெனாவைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சொம்பை எடுத்ததும் உள்ளே எட்டிப் பார்த்தேன். படபடத்த பச்சை விளக்கு கொஞ்ச நேரம் அப்படியே படபடத்தது. அப்புறம் நிதானமானது. அழுத குழந்தைக்கு அம்மா குரல் கேட்டதும் மூச்சு சீராகுமே, அப்படி.

“மழையில நனையாதா இது?” என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சியபடி.

“நனைஞ்சாலும் தாங்கும். ஆனா நீ நெனச்சது தப்பே இல்லக்கா. டவர் உச்சியில இருக்குதே பெரிய ஆன்டெனா, அதுக்கும் கவசம் உண்டு. நாம பாக்கற வெள்ளைக் கதவே கவசம்தான். ஃபைபர்ல பண்ணது, அலை அதுக்குள்ள பூந்து வந்துடும். நீ சாமான்தான் மாத்திப் போட்டுட்ட.”

“பாத்தியா! நான் சொன்னேன்ல, மொட்டையா நிக்கக் கூடாதுனு.” அக்காவுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. மோட்டார் ரூம் மூலையில் கிடந்த பிளாஸ்டிக் மக் ஒன்றை எடுத்துக் கழுவினாள், ஆன்டெனா மேல் கவிழ்த்தாள். அதற்கும் ஒரு பொட்டு. விளக்கு நிதானம் தப்பவில்லை.

டவரின் வெள்ளைக் கவசத்துக்குள் இருப்பது ஒற்றை ஆன்டெனா அல்ல, வரிசையாகப் பல குட்டி ஆன்டெனாக்கள் என்பதையும் சொன்னேன். நம் ஊர் தேர் எப்படி நகர்கிறது? வடம் பிடித்த அத்தனை பேரும் ஒரே நொடியில் இழுத்தால்தான் அசையும், ஆளுக்கொரு நேரம் இழுத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தக் குட்டி ஆன்டெனாக்களும் தாளம் தப்பாமல் சேர்ந்து அனுப்பும்போது, அலை ஒரு பக்கமாகப் பலமாகக் கிளம்புகிறது. ஒவ்வொன்றின் நேரத்தையும் மயிரிழை முன்பின் மாற்றினால் அலை வேறு பக்கம் திரும்பிவிடும். ஆன்டெனா இருந்த இடத்தை விட்டு அசையாது! புது 5ஜி டவர்கள் இப்படித்தான் நீங்கள் இருக்கிற பக்கம் பார்த்துக் குரல் கொடுக்கின்றன. நீங்கள் பஸ்ஸில் போனால் கூடவே திரும்புகின்றன.

“நம்மள தேடிக்கிட்டா?” என்றாள் அக்கா.

“ஆமா. தேடிக்கிட்டுத்தான்.”

“ம்... போடட்டுமா?”

நம்பரைப் போட்டாள். மணி அடித்தது. “வணக்கம். மோட்டாரை இயக்க எண் ஒன்றை அழுத்தவும்...” அழுத்தினாள். உள்ளே டக் என்று ஒரு சத்தம், பிறகு உறுமல். குழாய் இரண்டு முறை இருமியது. குபுக்கென்று தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்தது. நான் கைதட்டியேவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்று கிணற்றடியிலிருந்து கிளம்பி, மேட்டைத் தாண்டி டவருக்குப் போய், அங்கிருந்து திரும்ப இதே கிணற்றடிக்கு வந்து, ஒரு மோட்டாரைத் தட்டி எழுப்புகிறது. எத்தனை முறை பார்த்தாலும் இது அதிசயம் இல்லையா?

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. என் போன் அடித்தது. பிரபு. காதில் வைத்தேன்.

“மாமா... மெசேஜ் வந்துச்சு மாமா. மோட்டார் ஓடுதுனு இப்பதான் வந்துச்சு. அம்மாவா போட்டாங்க?”

“அம்மாதான்டா. மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல, பொட்டிக்கும் ஒண்ணும் இல்ல. அந்தக் குத்தகைக்காரர...”

“மோட்டார யாரு மாமா கேட்டா?” வெடித்துவிட்டான். “தெனம் காலையில அம்மா மோட்டார் போடுவாங்க. அந்த மெசேஜ் வரும். அது வந்தா அம்மா நல்லாத்தான் எழுந்திருக்காங்கனு அர்த்தம். அதப் பாத்துட்டுத்தான் நான் ஆபீசுக்கே கெளம்புவேன். சண்ட போட்ட மறுநாள்ல இருந்து அதுவும் வரல. மொதல்ல மழையா இருக்கும்னு நெனச்சேன். அப்புறம் கரண்ட் இல்லயோனு நெனச்சேன். நேத்து நைட்டு தூங்கவே இல்ல மாமா. மறுபடி விழுந்துட்டாங்களோ, யாரும் பாக்காம கெடக்கறாங்களோ... உங்ககிட்ட எப்புடி சொல்றதுனு தெரியாமதான் மோட்டார்னு சொன்னேன்.”

நான் ஸ்பீக்கரில் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. மோட்டார் சத்தத்தையும் மீறி அவன் குரல் வெளியே கேட்டது. அக்கா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

“ஏன்டா... இம்மாம் பயம் இருந்தா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமில்ல?”

“நீதானேம்மா எடுக்க மாட்டேன்ன.”

அக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள்.

“இப்ப எடுத்துட்டேன்ல... சொல்லு” என்றாள்.

அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் வாய்க்காலை வெட்டிவிடப் போய்விட்டேன். திரும்பி வரும்போது, குத்தகை கேட்டவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். தினம் காலையில் தானே போன் பண்ணுவதாக அக்காவும் வாக்குக் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிரபு வந்தான். நிலத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. முட்டிக்குப் போடுகிற பெல்ட்டும் மூன்று வேளைப் பசியும் கொண்டு வந்திருந்தான்.

இப்போது தினமும் காலையில் பிரபுவுக்கு முதலில் மோட்டாரிடமிருந்து மெசேஜ் வருகிறது, அப்புறம் அம்மாவிடமிருந்து போன். மோட்டார் இரண்டே வார்த்தையில் முடித்துக்கொள்கிறதாம்... அம்மா போனை வைத்தால்தான் ஆபீசுக்குக் கிளம்ப முடியும் என்கிறான்!